போஸ்ட்கிரெஸ் அமைப்புகளோடு ஆறு வருடம்

ஆறு வருடமாக ஒரே போஸ்ட்கிரெஸ் (தரவுத்தள மென்பொருள்) சர்வரைப் பார்த்துக்கொள்கிறேன். 32 ஜிபி ரேம், எஸ்எஸ்டி, அதில் தரவுத்தளத்தைத் தவிர வேறெதுவும் ஓடாது. இத்தனை காலத்தில் அமைப்புக் கோப்பில் நான் கைவைத்தது பத்துப் பன்னிரண்டு வரிகளில்தான் இருக்கும். என்ன மதிப்பு வைப்பது என்று மண்டையை உடைத்துக்கொண்டது கொஞ்ச நேரம். வைத்த மதிப்பு ஏன் எடுபடவில்லை என்று தேடியதுதான் அதிகம்.

எல்லாரும் முதலில் கேட்பது ஷேர்டு பஃபர்ஸ், அதாவது தரவைப் படித்து வைத்துக்கொள்ள போஸ்ட்கிரெஸ் ஒதுக்கும் பொது நினைவகம். நிறுவியதும் 128 எம்பி இருக்கும். தரவுத்தளத்துக்கென்றே உள்ள சர்வரில் ரேமில் கால் பங்கு கொடுத்துத் தொடங்கலாம் என்று ஆவணமே சொல்கிறது. 8 ஜிபி வைத்தேன், ரீஸ்டார்ட் செய்தேன், அதன்பிறகு தொடவில்லை. மைசீக்வெல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் இதற்கு இணையான பஃபர் பூல் அளவை 5.7 பதிப்பு முதலே சர்வர் ஓடும்போதே மாற்றலாம். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குப் பொறாமை.

வட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் படிக்க எவ்வளவு செலவாகும் என்ற மதிப்பீடு ரேண்டம் பேஜ் காஸ்ட். அது 4 என்று வருவது சுழலும் வட்டுக் காலத்துக் கணக்கு. அதை 1.1 ஆக்கியதும், முழு டேபிளையும் மேய்ந்துகொண்டிருந்த சில குவெரிகள் இண்டெக்ஸுக்கு மாறிவிட்டன. ரீஸ்டார்ட்கூடத் தேவைப்படவில்லை. ஒரு வரி மாற்றத்துக்கு இவ்வளவு பலன் வேறெதிலும் கிடைத்ததில்லை.

என்னைக் கவிழ்த்தது வொர்க் மெம், குவெரியின் வேலைக்கான நினைவக வரம்பு. ஒரு ரிப்போர்ட் குவெரி வட்டில் தற்காலிகக் கோப்புகளை எழுதித் தள்ளுகிறதே என்று, 4 எம்பியாக இருந்ததை 256 ஆக்கினேன். ஒரு இணைப்புக்கு இவ்வளவு என்பதாக நினைப்பு. உண்மையில் அது ஒரே குவெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் (வரிசைப்படுத்தல்) ஒவ்வொரு ஹாஷுக்கும் (தேடல் அட்டவணை) தனித்தனியான அளவு. 40 இணைப்புகள், ஒவ்வொன்றிலும் மூன்று சார்ட் என்றால் 30 ஜிபி! மாதக் கடைசியில் எல்லா ரிப்போர்ட்டும் சேர்ந்து ஓடியபோது ரேம் தீர்ந்து, லினக்ஸ் ஒரு ப்ராசஸைக் கொன்றது. அப்படி ஒன்று செத்தால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்று போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்துவிட்டு ரெக்கவரிக்குப் போய்விடும். நியாயமான பயம்தான். ஆனால் அந்த நேரத்தில் தொலைபேசியை எடுத்துப் பதில் சொன்னது நான்.

சரி, 16 எம்பியாகக் குறைப்போம் என்று கோப்பைத் திருத்தி, சர்வரை நிறுத்தாமலே அதை மறுபடி படிக்கச் சொல்லும் ரீலோட் செய்தேன். நடப்பு மதிப்பைக் காட்டும் ஷோ கட்டளை போட்டுப் பார்த்தால் 256. கோப்பைக் கையால் தொடாமலே மதிப்பை மாற்றும் ஆல்டர் சிஸ்டம் கட்டளை கொடுத்தேன். அப்போதும் 256. அரை மணி நேரம் தப்பான கோப்பைத் திருத்துகிறேனோ என்று பாதைகளைச் சரிபார்த்தேன். கடைசியில், எல்லா அமைப்புகளையும் பட்டியலிடும் பிஜி செட்டிங்ஸ் வியூவில் சோர்ஸ் என்ற நெடுவரிசையைப் பார்த்தபோதுதான் விளங்கியது: கமாண்ட் லைன். முதன்முதலில் சோதித்துப் பார்த்தபோது, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்-டியின் சேவைக் கோப்பில் தொடக்க விருப்பமாக, மைனஸ் சி போட்டு, நானே எழுதி மறந்த மதிப்பு அது.

அமைப்புக் கோப்பை ஆல்டர் சிஸ்டம் எழுதும் ஆட்டோ கோப்பு மிஞ்சும். இரண்டையும் தொடக்க விருப்பம் மிஞ்சும். அதை நீக்கி ரீஸ்டார்ட் செய்யும்வரை மற்ற இரண்டும் வாயில்லாப் பூச்சிகள். இப்போது தொடக்க விருப்பத்தில் தரவு அடைவின் பாதையைத் தவிர எதையும் விடுவதில்லை. ஆட்டோ கோப்பில் தங்கிப்போன 16-ஐயும் ரீசெட் கொடுத்துத் துடைத்தேன், இல்லாவிட்டால் அடுத்த முறை அது மல்லுக்கு நிற்கும். ரிப்போர்ட் எடுக்கும் ரோலுக்கு (தரவுத்தளப் பயனர் கணக்கு) மட்டும் ஆல்டர் ரோல் வழியாக 256 கொடுத்திருக்கிறேன். அந்த ஏற்பாடு மூன்று வருடமாகச் சிக்கலில்லை.

இன்னொரு பொறி ரீலோட். ஒரு முறை எம்பி என்பதைச் சிறிய எழுத்தில் அடித்துவிட்டேன். அலகுகளில் எழுத்தின் அளவு முக்கியம் என்பது அப்போது தெரியாது. ரீலோட் செய்தபோது சர்வர் பழைய மதிப்போடு அமைதியாக ஓடியது. லாகில் ஒரு வரி வந்திருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. சில மாதம் கழித்து இயங்குதளப் புதுப்பிப்புக்காக மெஷினை ரீபூட் செய்தபோது, அதே எழுத்துப்பிழைக்காக போஸ்ட்கிரெஸ் எழ மறுத்தது. ஓடும்போது பிழையை மன்னிக்கும், தொடங்கும்போது மன்னிக்காது. ஆல்டர் சிஸ்டமாக இருந்திருந்தால் அந்த இடத்திலேயே தடுத்திருக்கும். கோப்பைக் கையால் திருத்துகிறவர்கள் ரீலோடுக்கு முன்பே பிஜி ஃபைல் செட்டிங்ஸ் வியூவைப் பார்க்கலாம். எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் என்ன பிழை என்று சொல்லிவிடும். 9.5 பதிப்பிலிருந்தே இருக்கிறது. எனக்கு அந்த ரீபூட்டுக்குப் பிறகுதான் தெரிந்தது.

இப்போது எந்த மாற்றத்துக்குப் பிறகும் பிஜி செட்டிங்ஸில் மூன்றைப் பார்க்கிறேன்: மதிப்பு, அது எங்கிருந்து வந்தது, ரீஸ்டார்டுக்குக் காத்திருக்கிறதா. இன்றைய நிலவரப்படி ஒரே ஒரு வரி காத்திருக்கிறது, இணைப்புகளின் உச்ச எண்ணிக்கை: மேக்ஸ் கனெக்‌ஷன்ஸ், 100-லிருந்து 150. முதன்மைச் சர்வரின் நகலாக ஓடும் ஸ்டாண்ட்பையில் இந்த எண் முதன்மையைவிடக் குறைவாக இருக்கக் கூடாது என்பதால், ஸ்டாண்ட்பையை முதலில் ரீஸ்டார்ட் செய்தாக வேண்டும். அதற்கு ஞாயிறு இரவு நேரம் வாங்கியிருக்கிறேன்.