94 பவுண்டு போச்சு: ஹீட்டிங் ப்ரோக்ராமர் வாங்கப் போகிறவர்கள் கவனிக்கவும்

பிரிட்டனில் வெந்நீர் சிலிண்டர் உள்ள வீட்டில் இருக்கிறீர்களா? பழைய ப்ரோக்ராமர் (ஹீட்டிங்கையும் வெந்நீரையும் நேரம் வைத்து ஆன், ஆஃப் செய்யும் பெட்டி) செத்துப்போய் மாற்று தேடுகிறீர்களா? பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். என்னிடம் 94 பவுண்டைப் பிடுங்கிக்கொண்டார்கள். வயிறு எரிகிறது.

வாங்கியது பெரிய ஆன்லைன் சந்தைத் தளம் ஒன்றில் கடை போட்டிருக்கும் விற்பனையாளரிடம். விளம்பரத்தில் "எல்லா ஹீட்டிங்குக்கும் பொருந்தும்" என்று இருந்தது. அதை மட்டும் நம்பிவிடவில்லை. என் வீட்டில் இருப்பது வொய் பிளான், அதாவது ஒரே வால்வு சிலிண்டருக்கும் ரேடியேட்டருக்கும் தண்ணீரைத் திருப்பிவிடும் அமைப்பு. ப்ரோக்ராமர் மாட்டும் சுவர்த் தகடுதான் பேக்பிளேட், அதில் ஒயர் மாட்டும் எண்ணிட்ட இடங்கள்தான் டெர்மினல். "வொய் பிளான், மூன்று வழி வால்வு, பழைய பேக்பிளேட்டில் டெர்மினல் 1-இலும் ஒயர் இருக்கிறது, சரிவருமா?" என்று எழுதிக் கேட்டேன். உடனே பதில்: "கட்டாயம் சரிவரும். பழையதைக் கழற்றிவிட்டு இதை மாட்டினால் போதும்." இவ்வளவு நேராகச் சொல்கிறவர் பொய் சொல்வாரா? அந்தப் பதிலை நம்பித்தான் 94 பவுண்டு கட்டினேன்.

வந்த ப்ரோக்ராமரில் டெர்மினல் 1 பெயருக்கு மட்டும்தான். உள்ளே இணைப்பே இல்லை.

வழக்கமான பேக்பிளேட்டில் 1 வெந்நீர் ஆஃப், 2 ஹீட்டிங் ஆஃப், 3 வெந்நீர் ஆன், 4 ஹீட்டிங் ஆன். வொய் பிளானில் ஹீட்டிங் மட்டும் ஓட வேண்டுமென்றால், 4-இலிருந்து ரூம் தெர்மோஸ்டாட் (அறை வெப்பநிலையைப் பார்த்து ஹீட்டிங்கை இயக்கும் சுவிட்ச்) வழியாக வால்வின் வெள்ளை ஒயருக்கும், 1-இலிருந்து சாம்பல் ஒயருக்கும் 230 வோல்ட் போக வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் வால்வு ரேடியேட்டர் பக்கம் முழுதாகத் திரும்பி, ஆரஞ்சு ஒயர் வழியே பாய்லரையும் பம்ப்பையும் கிளப்பும். சாம்பலுக்கு மின்சாரம் வராவிட்டால் வால்வு பாதியில் நின்றுவிடும், பாய்லர் எரியாது. அதாவது வெந்நீரையும் சேர்த்துப் போட்டால்தான் ரேடியேட்டர் சூடாகும். இரண்டு தனி வால்வு உள்ள எஸ் பிளானுக்கு 3, 4 மட்டும் போதும் என்பதால் அங்கே இதே பெட்டி ஒழுங்காக ஓடும். இந்த வித்தியாசம் தெரியாதவர் இதை விற்கவே கூடாது. தெரிந்தே விற்றிருந்தால் அது மோசடி.

கேட்டதற்கு முதலில் "உங்கள் ஒயரிங் தப்பு" என்றார். மல்டிமீட்டரில் டெர்மினல் 1 பூஜ்யம் காட்டும் படத்தை அனுப்பினேன். "அப்படியென்றால் வால்வு போயிருக்கும், மாற்றிப் பாருங்கள்." பிறகு "ஒயர் மாட்டிய பொருளைத் திரும்ப எடுப்பதில்லை." தளத்தைக் கேட்டால் விற்பனையாளரிடம் பேசு என்கிறார்கள், அவரோ தளத்திடம் பேசு என்கிறார். சொன்னபடி இல்லாத பொருளை 30 நாளுக்குள் திருப்பி முழுப் பணமும் கேட்க 2015 நுகர்வோர் உரிமைச் சட்டம் இடம் தருகிறது. எழுதிக் காட்டியும் அசையவில்லை. விற்றவர் ஏமாற்றினால் கார்டு நிறுவனத்திடமே பணம் கேட்க உதவும் கிரெடிட் கார்டின் பிரிவு 75 பாதுகாப்பு 100 பவுண்டுக்கு மேலான பொருளுக்குத்தான், 94-க்குக் கிடையாது. வங்கியில் சார்ஜ்பேக் (கார்டில் கட்டிய பணத்தை வங்கி மூலம் திரும்பப் பெறுவது) கேட்டிருக்கிறேன்.

விரிவாக வழிகாட்டி எழுதத்தான் நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. பழைய பேக்பிளேட்டைப் படம் எடுங்கள். 1-இல் ஒயர் இருந்தால், வெந்நீர் ஆஃப் இணைப்பு உண்டா என்று தயாரிப்பாளரின் ஒயரிங் படத்திலேயே பாருங்கள், விற்பவர் வாய்ச்சொல் வேண்டாம். சிலிண்டருக்குப் பம்ப் இல்லாமல் சூடான தண்ணீர் தானாகச் சுற்றும் பழைய அமைப்பு என்றால் அதற்கேற்ப மாற்றிவைக்கும் கிராவிட்டி சுவிட்ச் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சிலிண்டர் இல்லாமல் நேரடியாக வெந்நீர் தரும் காம்பி பாய்லருக்கு, வெந்நீர், ஹீட்டிங் இரண்டையும் தனித்தனியே இயக்கும் இந்த இரண்டு சானல் பெட்டியே வேண்டாம். வோல்ட் இல்லாத தொடர்பு (மின்சாரம் அனுப்பாமல் வெறும் சுவிட்ச் போல இணைப்பது) கேட்கும் பாய்லருக்கு 230 வோல்ட் போனால் போர்டே கருகிவிடும். மூடியைத் திறக்கும் முன் ஸ்பர் எனப்படும் ஹீட்டிங்குக்கான ஃபியூஸ் சுவிட்சை அணைத்து, அதிலுள்ள 3 ஆம்ப் ஃபியூஸை உருவி, மின்சாரம் இல்லையா என்று மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள்.