பரமார்த்த குரு வாங்கப் போய் 6,500 ரூபாய் போச்சு: பழைய புத்தகப் பிரியர்கள் உஷார்

ஆத்திரம் அடங்காமல்தான் இதை எழுதுகிறேன். பழைய புத்தகங்கள் விற்கும் ஓர் ஆன்லைன் குழுவில் 6,500 ரூபாயைச் சுருட்டிவிட்டார்கள்.

வீரமாமுனிவரின் 'பரமார்த்த குருவின் கதை' 1822இல் லண்டனில் அச்சானது. தமிழ் மூலம், பெஞ்சமின் பாபிங்டனின் ஆங்கில மொழிபெயர்ப்பு, சொற்பட்டியல் எல்லாம் சேர்ந்த பதிப்பு. அதுதான் விற்பனைக்கு என்று போட்டிருந்தார் ஒருவர். முகப்புப் பக்கத்தின் படம் பழுப்பேறி அத்தனை அழகு. இவ்வளவு குறைந்த விலைக்கா என்று கேட்டேன். "அட்டை போயிடுச்சு சார், அதான் இந்த விலை" என்றார். தாத்தா தமிழ் வாத்தியாராம், அவர் அலமாரியில் இருந்ததாம். "கோயம்புத்தூர்ல ஒருத்தர் எட்டாயிரம் தரேங்கிறார். ஆனா அவர் வாங்கி விக்கிற ஆளு. நீங்க படிக்கிறவர், உங்களுக்கே தரேன்." இப்படிப் பேசினால் யார்தான் நம்பமாட்டார்கள்? யுபிஐயில் 6,500 போனது.

பார்சலைப் பிரித்ததும் டீத்தூள் வாடை. சாதாரண ஏ4 தாளை டீத்தண்ணீரில் முக்கிக் காயவைத்திருக்கிறார்கள்! நூலக முத்திரைகூட சாம்பல் நிற ஜெராக்ஸாக விழுந்திருக்கிறது. ஒரு பக்கத்தின் ஓரத்தில் ஸ்கேன் செய்தவரின் கட்டைவிரல் அப்படியே தெரிகிறது. இணையத்தில் இலவசமாகக் கிடக்கும் பிடிஎஃப்பை அச்செடுத்துத் தைத்திருக்கிறார், அவ்வளவுதான். பூசணிக்காயைக் குதிரை முட்டை என்று தலையில் கட்டும் கதை வரும் புத்தகத்தையே போலிப் பிரதியாக விற்றிருக்கிறாரே, அந்தத் துணிச்சலை என்ன சொல்ல!

போன் செய்தேன். முதலில் "கூரியர்ல மாறியிருக்கும் சார்". அப்புறம் "ஊர்ல இல்ல, வந்து பாக்கறேன்". அப்புறம் நீல டிக் மட்டும். விடாமல் கேட்டதற்கு வந்த பதில்தான் உச்சம்: "1822 எடிஷன்னுதானே சொன்னேன், ஒரிஜினல்னு சொல்லலியே." குழு அட்மினிடம் போனால், "நாங்க வெறும் பாலம்தான், பண விவகாரம் உங்களுக்குள்ள" என்கிறார். நான் போட்ட பதிவையும் தூக்கிவிட்டார்கள். விற்றவர் இன்று காலை முதல் என்னை பிளாக் செய்திருக்கிறார். 6,500 ரூபாய் சார், சும்மாவா?

வாங்குகிறவர்களுக்கு விரிவாக எழுத நினைத்தேன், இப்போதைக்கு இவ்வளவுதான். படத்தை நம்பாதீர்கள், பக்கம் புரட்டும் வீடியோ கேளுங்கள், அதில் அன்றைய தேதி எழுதிய துண்டுச்சீட்டும் இருக்கட்டும். முடிந்தால் நேரில் போய்த் தாளின் பின்புறம் விரலால் தடவிப் பாருங்கள். அச்சுக்கோத்த எழுத்து பல தாள்களில் லேசாகப் புடைத்திருக்கும், ஜெராக்ஸ் வழவழவென்று இருக்கும். "இன்னொருத்தர் கேக்கறார்" என்று ஆரம்பித்தாலே போனை வைத்துவிடுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அழையுங்கள். நான் அழைத்துப் புகார் எண் வாங்கிவிட்டேன், நுகர்வோர் உதவி எண் 1915லும் சொல்லியாயிற்று. அதே டீக்கறை முகப்புப் படம் வேறு குழுக்களில் கண்ணில் பட்டால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள், புகாரோடு சேர்க்க வேண்டும்.