285,000 ரூபாய்க்கு ஓர் ஊமை ரேடியோ

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறினால் வெட்கம் வந்து எழுத விடாது.

நான் கொழும்பு வெள்ளவத்தையில் மாடிக் குடியிருப்பில் இருக்கும் அமெச்சூர் வானொலிக்காரன்; கேட்கவும் பேசவும் கூடிய ரேடியோவில் தூரத்து ஆட்களோடு பொழுதுபோக்காகப் பேசுபவன். 4எஸ்7 என்று தொடங்கும் அழைப்புக் குறி, உரிமம் எல்லாம் இருக்கிறது. ஆனால் மின்தூக்கியும் எல்ஈடி விளக்குகளும் சேர்ந்து போடும் இரைச்சலில் நாங்கள் பேசும் 7 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் ஓர் ஆள் குரலும் எழும்பாது. வன்னியில், மாங்குளத்துப் பக்கம் எங்கள் வளவில் அந்தக் கரைச்சல் இல்லை. இரண்டு பனைகளுக்கு நடுவே அன்ரெனாவாக 20 மீட்டர் கம்பி இழுத்தால் போதும். ரேடியோவை அம்மாவின் வீட்டில் வைத்துக் கொழும்பிலிருந்து இணையம் வழியாக இயக்க ஆசைப்பட்டேன்.

பழைய தொடர்பாடல் கருவிகளை இணையத்தில் விற்று, வந்து பொருத்தியும் கொடுக்கும் ஒரு கடை. 100 வாட் ரேடியோ, 13.8 வோல்ட் மின்வழங்கி, தொலைவிலிருந்து இயக்கும் பெட்டி, பொருத்துகூலி என்று 285,000 ரூபாய். அதில் அம்மாவின் சீட்டுக் காசும் இருந்தது.

கடைக்காரர் வீடியோ அழைப்பில் ரேடியோவை முடுக்கிக் காட்டினார். குமிழைத் திருப்பத் திருப்ப, தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் தன் ஊர் மழையைப் பற்றித் தமிழில் பேசிக்கொண்டிருந்தார். "தம்பி, உங்கள் வளவில் இதைவிடத் தெளிவாகக் கேட்கும், யோசிக்க வேண்டாம்." அங்கேதான் விழுந்தேன். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது வன்னிக்குள் பற்றரி வராது. சைக்கிளைக் கவிழ்த்துவைத்து மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில்தான் செய்தி கேட்டோம். சுற்றுவது என் வேலை. ரேடியோவில் குரல் வந்தால் இன்றும் எனக்குப் புத்தி நின்றுவிடும். ஒரு தடவை பேசிக் காட்டுங்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. அன்றே 285,000 ரூபாயை வங்கியில் போட்டேன்.

இரண்டு பேர் வந்து பொருத்தினார்கள். அன்றிரவு கூப்பிட்டேன், மறுநாளும் கூப்பிட்டேன். எல்லோரையும் எனக்குக் கேட்டது, ஒருவருக்கும் என்னைக் கேட்கவில்லை. கடையில் கேட்டால் "அன்ரெனா பிழை." அடுத்த நாள் "பனையோலை உரசுகிறது." பிறகு "உங்கள் இணையம் மெதுவு." பத்தாம் நாள் நண்பரோடு பஸ் ஏறி ஊருக்குப் போனேன். அன்ரெனா ரேடியோவோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் நிலையலை விகிதம் 1.3 (1க்குக் கிட்ட இருந்தால் நல்லது), ஒரு குறையும் இல்லை. ரேடியோவை 50 ஓம் போலிச் சுமையில் (அன்ரெனாவுக்குப் பதிலாகப் பூட்டிச் சோதிக்கும் தடை) கொடுத்து அளந்தால் 100 வாட் வர வேண்டிய இடத்தில் 2 வாட். பேச்சை வெளியே அனுப்பும் சக்தியைத் தரும் வெளியீட்டு ட்ரான்சிஸ்டர்கள் எரிந்த ரேடியோ. அவை எரிந்தாலும் கேட்கும் பகுதி பழுதில்லாமல் வேலை செய்யும், கடைக்காரருக்கு அது தெரியும்.

"மின்னல் அடித்திருக்கும்" என்றார். குளம் வற்றிப் பாளம் வெடித்துக் கிடக்கும் மாதத்தில் மின்னலாம்! பிறகு "முதலாளி கண்டியில்." பிறகு "பொருத்திய சாமானைத் திரும்ப எடுப்பதில்லை." பொலிசுக்குப் போவேன் என்றதும் "பற்றுச்சீட்டு இருக்கிறதா?" என்று கேட்டார். இல்லை. இப்போது கைப்பேசியை எடுப்பதே இல்லை.

விரிவாக அறிவுரை எழுதத்தான் உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. போலிச் சுமையும் வாட் மீட்டரும் வைத்து அளந்து காட்டாத ரேடியோவுக்குக் காசு கொடுக்காதீர்கள். பற்றுச்சீட்டு வாங்குங்கள். பேசும் நிலையிலேயே ரேடியோ சிக்கிக்கொண்டால் தொலைவிலிருந்து மின்சாரத்தைத் துண்டிக்கத் தனி ஆளி (சுவிட்ச்) வேண்டும். எனக்குத் தருவதாகச் சொன்ன அந்த ஆளியும் பெட்டிக்குள் இல்லை.

285,000 ரூபாய். பொருத்த வந்த இருவருக்கும் அம்மா கோழி அடித்துச் சமைத்துப் போட்டார். இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்களாம்.