சொல்தா வீட்டு எலக்ட்ரோலக்ஸா, அத்தை வீட்டு யூரோகிளீனா?

ஒரு மாதமாக எங்கள் வீட்டு நடையில் இரண்டு பழைய வேக்குவம் கிளீனர்கள் கிடந்தன. ஒன்று, தெருக்கோடி சொல்தா வீட்டைக் காலி செய்தபோது ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கொடுத்து நான் தூக்கி வந்த எலக்ட்ரோலக்ஸ். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவரைப் புதுச்சேரியில் சொல்தா என்றுதான் சொல்வோம். அவர் ஊர் திரும்பியபோது கப்பலில் வந்த சாமான்களில் இதுவும் ஒன்றாம். இன்னொன்று, கடலூர் மஞ்சக்குப்பத்தில் அத்தை வீட்டுப் பரணில் அட்டைப்பெட்டியோடு இருந்த யூரோகிளீன். "எடுத்துக்கிட்டுப் போடா, இடத்தை அடைச்சிக்கிட்டு நிக்குது" என்று அத்தை சும்மாவே கொடுத்துவிட்டார்.

ஏதாவது ஒன்றுதான் வீட்டில் இருக்கலாம் என்பது மனைவியின் தீர்ப்பு. அதனால்தான் இந்த அலசல். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் வைத்துக்கொண்டது சொல்தா வீட்டு எலக்ட்ரோலக்ஸ் உருளையை. இனி எழுதுவதில் அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வு இருக்கும்.

எலக்ட்ரோலக்ஸ் என்று பெயர் இருந்தால் எல்லாம் ஒரே குடும்பம் என்று நினைத்துத்தான் நானும் தொடங்கினேன். அப்படி இல்லை. ஸ்வீடனில் 1912-ல் வந்த லக்ஸ் என்ற இயந்திரத்தில் இருந்து இந்தக் கதை ஆரம்பிக்கிறது. எடை மட்டும் 14 கிலோ. அதை விற்றுப் பெரிய ஆளானவர் ஆக்சல் வென்னர்-கிரென். 1919-ல் நிறுவனம் எலக்ட்ரோலக்ஸ் ஆனது. 1921-ல் வந்த மாடல் ஐந்துதான் நாம் இன்று பார்க்கும் உருவத்துக்குத் தாத்தா: படுக்கவைத்த உருளை, அடியில் பனிச்சறுக்கு வண்டி போல இரண்டு கால். சக்கரம் கிடையாது. தரையில் இழுத்தால் வழுக்கிக்கொண்டு பின்னாலேயே வரும்.

அதன் பிறகு வம்சம் இரண்டாகப் பிரிகிறது. அமெரிக்காவில் விற்றவை முதலில் ரோமன் எண்ணில் போயின. பன்னிரண்டு, அப்புறம் 1937-ல் லுரெல் கில்டு வடிவமைத்த முப்பது. ரயில் எஞ்சின் மூக்கு மாதிரி வழவழவென்று இருக்கும் அந்த முப்பதுதான் அருங்காட்சியகங்களில் ஏறியது. பிறகு எழுத்துகள்: ஈ, எஃப், ஜி. ஐரோப்பாவில் விற்றவற்றுக்கு இசட் என்ற எழுத்தும் பக்கத்தில் ஓர் எண்ணும். 1968-ல் ஸ்வீடன்காரர்கள் அமெரிக்க நிறுவனத்தில் தங்களுக்கு இருந்த பங்கை விற்றுவிட்டார்கள். ஆனால் பெயர் அங்கேயே தங்கிவிட்டது. அதற்குப் பின் முப்பது வருடத்துக்கு மேல், ஒரே பெயரில் சம்பந்தமில்லாத இரண்டு கம்பெனி இயந்திரங்கள் உலகத்தில் உலவின. பழைய சாமான் வாங்குகிறவர்கள் குழம்பிப்போவது இந்த இடத்தில்தான்.

நமக்கு ஏன் இது முக்கியம் என்றால், கரண்ட். ரோமன் எண்ணோ வெறும் எழுத்தோ இருந்தால் அது அமெரிக்க வம்சம், 110 முதல் 120 வோல்ட்டுக்குச் செய்தது. ஈசிஆர் பக்கம் ஒரு பழம்பொருள் கடையில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். கண்ணைப் பறிக்கிற அழகு. கடைக்காரர் ஓட்டிக் காட்ட பிளக்கைக் கையில் எடுத்தார், நல்லவேளை தடுத்தேன். நம் வீட்டு 230 வோல்ட்டில் அதை நேராகச் செருகினால் மோட்டாரின் காயில் கம்பி கருகும் வாசனைதான் முதலில் வரும். வோல்ட்டேஜைக் குறைக்கிற டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டலாம். ஆனால் கூடத்தைப் பெருக்க அம்மிக்கல் எடையில் ஒரு பெட்டியையும் கூடவே தூக்கிக்கொண்டு திரிய வேண்டும். இசட் வம்சத்திலும் அசந்துவிடக் கூடாது. பிரான்சிலேயே ஒரு காலத்தில் பல ஊர்களில் 110 வோல்ட்தான். எனவே சொல்தா வீட்டுச் சாமான் என்றால் அடியில் இருக்கும் தகட்டைத் துடைத்துப் படிக்காமல் பணத்தை எடுக்காதீர்கள். என்னுடையதில் 220 என்று இருந்தது. ஈரத்துணியால் துடைத்து அந்த எண்ணைப் பார்த்தபோது வந்த நிம்மதி தனி.

அதே கடையில் ஒரு ஹூவரும் நின்றது. அமெரிக்காவில் ஒரு கட்டடத்தைப் பெருக்கும் வேலையில் இருந்த ஸ்பேங்ளர் என்ற ஆஸ்துமாக்காரர் தலையணை உறையையும் துடைப்பக் கம்பையும் வைத்துச் செய்த கருவி, 1908-ல் ஹூவர் கைக்குப் போய் உலகப் பெயரானது. பெரிய சரித்திரம், சந்தேகமில்லை. ஆனால் நின்றபடி தள்ளும் அந்த வகை கம்பளத்தைத் தட்டித் தூசு எடுக்கப் பிறந்தது. நம் வீடுகளில் மொசைக், சிவப்பு சிமெண்ட், டைல்ஸ். ஃபேன் இறக்கை, ஜன்னல் கம்பி, அலமாரி உச்சி எதற்கும் அது உதவாது. ஹூவர் விவகாரம் அத்தோடு முடிந்தது.

ஆக உண்மையான போட்டி இரண்டுக்குள்தான். வேடிக்கை என்னவென்றால் இவை இரண்டும் பங்காளிகள். அப்போது டாடா குழுமத்தில் இருந்த ஃபோர்ப்ஸும் ஸ்வீடன் எலக்ட்ரோலக்ஸும் கூட்டுச் சேர்ந்து 1982-ல் தொடங்கியதுதான் யூரோகிளீனை விற்ற யுரேகா ஃபோர்ப்ஸ். யுரேகா என்பதே 1909-ல் டெட்ராய்ட்டில் பிறந்த வேக்குவம் கிளீனர் பெயர். அதை 1974-ல் எலக்ட்ரோலக்ஸ் வாங்கியிருந்தது. பின்னாளில் ஸ்வீடன்காரர்கள் விலகினார்கள். கம்பெனி ஷாபூர்ஜி பல்லோன்ஜி குழுமத்துக்குப் போய், இப்போது வேறு கைக்கும் மாறிவிட்டது.

விற்ற முறையும் ஸ்வீடனில் இருந்து வந்ததுதான். வீடு வீடாகப் போவது, ஓட்டிக் காட்டுவது, தவணையில் கொடுப்பது என்று வென்னர்-கிரென் காலத்து வித்தைகள். எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் கடலூர் வெயிலில் டை கட்டிக்கொண்டு வந்த அந்தப் பையன்களை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அத்தை வீட்டுக்கு வந்தவன், அன்று காலைதான் உதறிப் போட்ட மெத்தையில் குழாயை வைத்து ஒரு நிமிடம் ஓட்டினானாம். பிறகு ஒரு வெள்ளைத் துணியைப் பிரித்துக் காட்டினானாம். கறுப்பு. "எனக்கு மானமே போயிடுச்சு" என்று அத்தை இன்றைக்கும் சொல்கிறார். மானத்துக்காக வாங்கிய பொருள் ஆசைக்காக வாங்கியதைப் போல உழைக்காது. நாலைந்து தரம் ஓடியது, பரணுக்கு ஏறியது. இதில் பழைய சாமான் தேடுகிறவர்களுக்கு ஒரு நன்மை உண்டு. அந்தக் காலத்து யூரோகிளீன்கள் பல வீடுகளில் ஏறக்குறைய புதுசாகவே உறங்குகின்றன. அத்தையுடையதில் உபகரணங்கள் எல்லாம் பிளாஸ்டிக் உறை பிரிக்காமல் இருந்தன. போட்டவுடன் ஓடியது. குறை சொல்ல ஒன்றுமில்லை.

சின்ன விஷயங்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். எடை: யூரோகிளீன் லேசு, உருளை இடுப்பைக் கேட்கும். சத்தம்: உருளையில் கனமான ஹம்மென்ற ஒலி, மற்றதில் கொஞ்சம் கீச்சு. ஊதும் வசதி: இரண்டிலும் உண்டு, உருளையில் குழாயைக் கழற்றிப் பின்பக்கம் மாட்ட வேண்டும். வாட்ஸ்: இதில் ஏமாறாதீர்கள். வாட்ஸ் என்பது மோட்டார் தின்னும் கரண்ட், உறிஞ்சும் பலம் அல்ல. ஐரோப்பிய யூனியனே 2014-ல் 1,600 வாட்ஸுக்கு மேல் கூடாது என்றும், 2017-ல் அதை 900 என்றும் குறைத்துவிட்டது. மூடி இறுக்கமாக உட்கார்ந்து, காற்று எங்கும் கசியாமல் இருந்தால் குறைந்த வாட்ஸே போதும். உருளையின் இரும்பு மூடி கொக்கியில் "டக்" என்று விழும்போது அது தெரியும்.

இதெல்லாம் கிடக்கட்டும். முடிவு செய்தது பை.

வேக்குவம் கிளீனரில் பை என்பது குப்பைத்தொட்டி என்றுதான் நாம் நினைக்கிறோம். அது மோட்டாருக்கு முகக்கவசம். இந்தப் பழைய உருளைகளில் முன்னால் பை, பின்னால் மோட்டார். இழுத்த காற்று பையின் துணி வழியாக வடிகட்டி மோட்டாருக்குள்ளேயே புகுந்து, அதைக் குளிரவைத்துப் பின்பக்கம் போகிறது. பையில் ஓட்டை என்றால் தூசு நேராக பேரிங்குக்கும், சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் துண்டுகளுக்கும் போகும். பை அடைத்துக்கொண்டால் குளிரவைக்கக் காற்று இருக்காது. அப்போது மோட்டார் சத்தம் கீச்சென்று ஏறும். பாவம், சிரமப்படுகிறது என்று நினைப்போம். நிஜத்தில் தள்ளுவதற்குக் காற்று இல்லாமல் பளு குறைந்து வேகமாகச் சுற்றுகிறது, கூடவே சூடேறுகிறது. அந்தச் சத்தம் கேட்டால் உடனே அணைக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் இது இன்னும் பெரிய விவகாரம். பழைய சுண்ணாம்புச் சுவர். கையை வைத்தாலே மாவு மாதிரி உதிரும். அதோடு கடற்கரை மணல். மணலை எந்தத் துணியும் பிடிக்கும். சுண்ணாம்புப் பொடியைப் பிடிக்கிற துணி வேறு ரகம்.

யூரோகிளீனுக்குப் பை பிரச்சினையே இல்லை, துணிப்பை கூடவே இருந்தது. பொருந்துகிற பைகள் கடையிலும் கிடைக்கின்றன. இந்த ஒரு கணக்கில் அதுதான் ஜெயித்திருக்க வேண்டும். உருளைக்கோ பையே இல்லை. எலி தின்றதுபோக பையைத் தாங்கும் இரும்பு வளையம் மட்டும் மிச்சம். ஆனால் அந்த வளையம்தான் என்னை மாற்றியது. வளையம் இருந்தால் பை வெறும் துணி, தையல், அவ்வளவுதான். எந்தக் கம்பெனியையும் நம்பி இருக்கத் தேவையில்லை.

வளையத்தை எடுத்துக்கொண்டு முத்தியால்பேட்டையில் ஒரு தையற்கார அண்ணனிடம் போனேன். ரோடியர் மில்லில் வருடக்கணக்கில் வேலை பார்த்தவர், துணியைத் தொட்டே நூல் கணக்குச் சொல்வார். வளையத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என்ன தம்பி, யாருக்கு ஜட்டி?" என்றார். அவரிடம் கேட்காமல் முதல் பையை என் இஷ்டத்துக்குப் பழைய வேட்டியில் தைக்கச் சொன்னது என் முட்டாள்தனம். பத்து நிமிடம் ஓட்டினேன். பின்பக்கம் காற்று போகிற இடத்தில் கையை வைத்தால் உள்ளங்கை வெள்ளை. இரண்டாவது, ஜீன்ஸ் துணி. தூசு வரவில்லை, காற்றும் வரவில்லை. சத்தம் கீச்சென்று ஏறியது.

மூன்றாவது முறை அவர் சொன்னபடி கேட்டேன். துணியை வாயில் வைத்து ஊதிப் பார்த்தார். பிறகு கொஞ்சம் கோலமாவை அதில் போட்டு, வெளிச்சத்துக்கு நேராகத் தட்டிப் பார்த்தார். ஊதினால் மூச்சுப் போக வேண்டும், தட்டினால் மாவு போகக் கூடாது. கடைசியில் தேர்ந்தது, ஒரு பக்கம் ரோமம் எழுந்த பருத்தி ஃபிளானல். ரோமப் பக்கம் உள்ளே இருக்க வேண்டும் என்றார், தூசு அதில் சிக்கி நிற்குமாம். தையல் ஓரங்களை மடித்து இரட்டைத் தையல் போட்டார், ஊசித் துளை வழியாகத்தான் முதலில் கசியும் என்பதால். துணியும் கூலியும் சேர்த்து இருநூற்று எண்பது ரூபாய். இப்போது கூடம் முழுக்க ஓட்டிவிட்டுப் பின்பக்கம் கையை வைத்தால் கை சுத்தம். பையைத் துவைப்பதில்லை. வெளியே கொண்டுபோய் உள்பக்கத்தைப் புரட்டித் தட்டுவதோடு சரி. துவைத்தால் ரோமம் படிந்துவிடும் என்று அண்ணன் எச்சரித்திருக்கிறார்.

அமெரிக்க வம்சத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. அதில் பிந்தைய மாடல்கள் காகிதப் பைக்கு மாறிவிட்டன. நிறைந்தால் தூக்கிப்போடுவது சௌகரியம்தான், அந்த ஊரில் இருந்தால். புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொரு பைக்கும் கப்பல் கூலி கொடுக்க எனக்கு வசதி போதாது.

மற்றபடி உருளையில் நான் செய்தது கொஞ்சம்தான். கார்பன் தேய்ந்திருந்தது. காயில் கட்டும் கடையில் மிக்ஸி கார்பனையே உப்புத்தாளில் தேய்த்து அளவாக்கிக் கொடுத்தார்கள். குழாய்க்கு வயதாகி ரப்பர் விறைத்துப்போயிருந்தது, வேறு குழாய் போட்டு வாயில் கிளாம்ப் இறுக்கியிருக்கிறேன். பார்க்க அசிங்கம், வேலை செய்கிறது. பிளக் பிரெஞ்சு இரண்டு முள். நம் ஊர் பிளக் மாற்றியதோடு, வயரையும் முழுசாக மாற்றச் சொன்னார் எலக்ட்ரீசியன். உடல் இரும்பு என்பதால் எர்த் இல்லாமல் தொடவே கூடாது என்று மூன்று கோர் வயர் போட்டார். அந்தச் செலவு அறுநூறு. ஈரத்துக்குப் பக்கத்தில் மட்டும் இதைக் கொண்டுபோகக் கூடாது, பாத்ரூம் வாசலோடு நிற்க வேண்டும்.

ஆறு மாதம்தான் ஆகிறது. ஒரு மழைக்காலத்தைத்தான் பார்த்திருக்கிறது. உப்புக்காற்று அதன் செம்பு பாகங்களை என்ன செய்யும் என்பது இரண்டு மூன்று வருடம் போனால் தெரியும். தினமும் ஓட்டுகிற வீடு, இழுத்துத் தூக்க வயதானவர்கள், தையற்கடைக்கு அலைய நேரமில்லாதவர்கள் என்றால் நான் யூரோகிளீனைத்தான் கையில் கொடுப்பேன். மறுவிற்பனை என்று பார்த்தால் இரண்டும் காயலான் கடை விலைதான். இரும்பு எடை கூடுதல் என்பதால் உருளைக்கு வேண்டுமானால் நூறு ரூபாய் அதிகம் கிடைக்கும்.

யூரோகிளீனை மஞ்சக்குப்பத்துக்கே திருப்பி எடுத்துப்போனேன். அத்தை அதைப் பார்த்ததும் முகம் சுளித்தார். நான் ஒன்றும் பேசாமல் மெத்தையில் வைத்து ஒரு நிமிடம் ஓட்டி, பையைத் திறந்து காட்டினேன். "இதுக்குத்தான் அன்னைக்கே அவனை வாசல்லயே நிக்க வச்சிருக்கணும்" என்றார். ஆனால் பரணில் ஏற்றச் சொல்லவில்லை. இப்போது கட்டிலுக்கு அடியில் இருக்கிறது.