பட்டர்ஃபிளை கீபோர்ட் மேக்புக்: செகண்ட் ஹேண்டில் வாங்கும் முன்

சென்னை ரிச்சி தெருவிலும் பழைய பொருள் விற்கும் தளங்களிலும் 2016 முதல் 2019 வரை வந்த மேக்புக்குகள் இப்போது சல்லிசாகக் கிடைக்கின்றன. திரை பளிச்சென்று இருக்கும். அலுமினிய உடம்பில் கீறல் கூட இருக்காது. ஸ்பீக்கர் இன்றைய பல புது லேப்டாப்களை விட நன்றாகவே பாடும். அப்படியும் விலை ஏன் இவ்வளவு இறங்கிக் கிடக்கிறது என்றால், கீபோர்டைப் பாருங்கள். ஒரே பாகம் திரும்பத் திரும்பப் பழுதாகி, வாரண்டியில் திரும்பத் திரும்ப மாற்றப்பட்டு, கடைசியில் கோர்ட் வரை போன மாடல்கள் இவை.

அடையாளம் காண மாடல் நம்பர் கூட வேண்டாம், அம்புக்குறி கீகளைப் பார்த்தால் போதும். இடது, வலது அம்புகள் மற்ற கீகளைப் போல முழு உயரத்தில் இருந்தால் அது பட்டர்ஃபிளை. மேலே வெற்றிடம் விட்டுப் பாதி உயரத்தில் இருந்தால் பழைய சிஸர் (கத்தரிக்கோல்) வகை, அல்லது 2019 கடைசியில் திரும்பி வந்த புதிய சிஸர் வகை. நம்பர் வேண்டுமென்றால் அடிப்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும்: 12 அங்குல மேக்புக் ஏ1534, 13 அங்குல ப்ரோ ஏ1706, ஏ1708, ஏ1989, ஏ2159, 15 அங்குல ப்ரோ ஏ1707, ஏ1990, ஏர் ஏ1932. இந்த எட்டில் எது என்றாலும் கீழே உள்ளது பொருந்தும்.

வழக்கமான லேப்டாப் கீ, கத்தரிக்கோல் போலக் குறுக்காகப் பின்னிய இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் மேல் உட்கார்ந்திருக்கும். 2015இல் 12 அங்குல மேக்புக்கோடு ஆப்பிள் கொண்டுவந்த அமைப்பில் பட்டாம்பூச்சி இறக்கை போல இரண்டு பக்கமும் விரியும் மெல்லிய பாகம் இருக்கிறது. சிஸரை விட 40 சதவீதம் மெல்லியது என்று அறிமுகத்தில் சொன்னார்கள். அதற்கடியில் குமிழ் போன்ற சின்ன எஃகுத் தகடு. கீ இறங்கும் ஆழம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். 2019இல் திரும்பி வந்த சிஸர் கீபோர்டில் அது 1 மில்லிமீட்டர். அந்த அரை மில்லிமீட்டர் வித்தியாசத்தில்தான் எல்லாம் கெட்டது. சாதாரண கீக்கு அடியில் ஒரு பிஸ்கட் துணுக்கு போனால் நசுங்கி ஒதுங்கிவிடும், நமக்குத் தெரியக்கூடத் தெரியாது. இங்கே ஒதுங்க இடமே இல்லை. துணுக்கு இறக்கைக்குக் கீழே சிக்கினால் கீ இறங்காது, தகட்டின் மேல் சிக்கினால் ஒருமுறை அழுத்தியதற்கு இரண்டு எழுத்து விழும். தூசியே போகாவிட்டாலும் மெஷின் சூடேறிய பிறகு சில கீகள் ஒட்டுவது போலாவதும், ஆறியதும் சரியாவதும் உண்டு. சர்வீஸ் சென்டரில் காட்டும்போது மட்டும் ஒழுங்காக வேலை செய்வது இதனால்தான்.

ஆப்பிள் மூன்று முறை இதைத் திருத்திப் பார்த்தது, ஆக மொத்தம் நான்கு தலைமுறை. முதல் தலைமுறை 2015, இரண்டாவது 2016. 2018இல் வந்த மூன்றாவதில் ஒவ்வொரு கீக்கும் அடியில் மெல்லிய சிலிகோன் உறை சேர்ந்தது. வெளியே சொன்ன காரணம் டைப் அடிக்கும் சத்தம் குறையும் என்பது. சர்வீஸ்காரர்களுக்குப் போன உள் ஆவணத்திலோ, துகள் புகாமல் தடுக்க என்று இருந்தது. 2019 மே மாதம் வந்த நான்காவதில் உள் பாகங்களின் பொருளையே மாற்றினார்கள். அதே ஆண்டு நவம்பரில் 16 அங்குல ப்ரோ சிஸரோடு வந்தது. 2020 மார்ச்சில் ஏர், மே மாதத்தில் 13 அங்குல ப்ரோ என்று வரிசையாகப் பட்டர்ஃபிளையைக் கைவிட்டார்கள்.

சர்வீஸ் எப்படி இருந்தது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் கைக்கு வரப்போகும் மெஷினின் உள்ளே என்ன இருக்கிறது என்பதை அதுதான் முடிவு செய்திருக்கிறது. அமெரிக்காவில் வாங்கியவர்கள் 2018 மே மாதம் வழக்குப் போட்டார்கள். அடுத்த மாதமே ஆப்பிள் கீபோர்ட் சர்வீஸ் திட்டத்தை அறிவித்தது: மெஷின் முதன்முதலில் விற்ற நாளிலிருந்து 4 ஆண்டுகளுக்கு இலவசப் பழுதுபார்ப்பு. எழுத்து இரட்டிப்பது, விழாமல் போவது, கீ ஒட்டுவது ஆகிய மூன்றும் அதில் அடக்கம். 2019 மே மாதம் அப்போது சந்தையில் இருந்த எல்லாப் பட்டர்ஃபிளை மாடல்களையும் பட்டியலில் சேர்த்தார்கள், அன்றைக்குத்தான் வெளிவந்த புது மாடல் உட்பட. இன்று பிறந்த பிள்ளைக்கு இன்றே மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்த கதை! அதற்கு இரண்டு மாதம் முன்புதான், சிக்கல் ‘சிறு எண்ணிக்கையிலான’ பயனர்களுக்கு மட்டுமே என்று சொல்லி மன்னிப்புக் கேட்டிருந்தார்கள்.

காசு வாங்காமல் செய்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. போட்ட பாகம்தான் குறை. 2016, 2017 மாடல்களுக்கு மாற்றாக வந்ததும் உறை இல்லாத அதே இரண்டாம் தலைமுறைக் கீபோர்ட். கெட்டுப்போன பாகத்துக்குப் பதில் இன்னும் கெட்டுப்போகாத அதே பாகம். ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து மறுபடி அதே கவுன்டரில் போய் நின்றவர்கள் பெரும்பாலும் இந்த மாடல்காரர்கள்தான். 2018 ப்ரோ, 2018 ஏர் வைத்திருந்தவர்களுக்கு மட்டும், 2019 மே மாதத்துக்குப் பிறகு போனால் நான்காம் தலைமுறை கிடைத்தது.

இன்னொரு சிக்கல் உடம்பின் கட்டுமானம். ப்ரோக்களில் கீபோர்ட் திருகாணியில் நிற்கவில்லை. டாப் கேஸ் எனப்படும் மேல் அலுமினியத் தட்டோடு டஜன் கணக்கான பொடி ரிவெட்டுகளால் அறையப்பட்டிருக்கிறது. அதே தட்டின் மறுபக்கத்தில் பேட்டரி ஒட்டப்பட்டிருக்கிறது. ஆகவே ஒரு கீ கெட்டாலும் சர்வீஸ் சென்டரில் டாப் கேஸ், கீபோர்ட், பேட்டரி மூன்றும் ஒரே பாகமாகத்தான் மாறும். திட்டம் நடப்பில் இருந்தபோது இது ஒரு மறைமுக லாபம்: நான்காவது வருடக் கடைசியில் கீபோர்ட் புகாரோடு போனவர்கள் இலவசமாகப் புது பேட்டரியோடு திரும்பினார்கள். திட்டம் முடிந்த பிறகு அதே கட்டுமானம் தலைகீழாகத் திரும்பி, ஒரு கீக்கு மூன்று பாகத்தின் விலை கேட்கிறது. கடைசிப் பட்டர்ஃபிளை மாடல்கள் 2020 மே வரை விற்பனையில் இருந்தன. 4 ஆண்டைக் கூட்டிப் பாருங்கள், இலவசக் காலம் கடந்துவிட்டது. ‘இதுக்கு ஆப்பிள்லயே ஃப்ரீயா மாத்திக் குடுப்பாங்க சார்’ என்று கடையில் சொன்னால் அது பழைய பாட்டு.

அமெரிக்க வழக்கு 2022இல் 5 கோடி டாலர் சமரசத்தில் முடிந்தது. தவறை ஆப்பிள் ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு முறையோ அதற்கு மேலோ டாப் கேஸ் மாற்றியவர்களுக்கு 395 டாலர் வரை. ஆனால் கலிஃபோர்னியா, நியூயார்க் உள்ளிட்ட 7 மாநிலங்களில் வாங்கியவர்களுக்கு மட்டும்தான். இந்தியாவில் வாங்கியவர்களுக்கு அதில் எதுவுமில்லை.

சரி, விலை பிடித்திருக்கிறது, பார்க்கப் போகிறீர்கள். குறைந்தது முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். முதலில் மெஷினைச் சூடாக்க வேண்டும், குளிர்ந்த மெஷினில் கீ சோதித்துப் பயனில்லை. உயர்தர வீடியோ இரண்டு மூன்றை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, விசிறிச் சத்தம் கேட்கும்வரை 15 நிமிடம் விடுங்கள். விசிறியே இல்லாத ஏ1534 என்றால் அடிப்பக்கம் கையில் சுடும்வரை. பிறகு மேக்கோடு வரும் டெக்ஸ்ட்எடிட் மென்பொருளைத் திறந்து ஒவ்வொரு கீயையும் 10 முறை, நடுவில் மட்டுமல்ல, நான்கு ஓரத்திலும் அழுத்துங்கள். பத்து அழுத்தலுக்குப் பத்து எழுத்து. ஒன்பதோ பதினொன்றோ வந்தால் அந்தக் கீ போயிற்று. அடிக்கடி சிக்குபவை அதிகம் உழைக்கும் கீகள்: ஆங்கிலத்தின் இ (E), ஏ (A), டி (T) எழுத்துகள், ஸ்பேஸ்பார், என்டர். ஸ்பேஸ்பாரில் ஒரு நுணுக்கம் உண்டு. இரண்டு ஸ்பேஸ் அடித்தால் தானாகப் புள்ளி வைக்கும் வசதி ஆனில் இருந்தால், ஸ்பேஸ்பார் இரட்டிக்கும்போது இடைவெளிக்குப் பதில் வாக்கிய நடுவில் புள்ளி விழும். பார்ப்பவர் தன் கை தவறிவிட்டது என்று நினைத்துக்கொள்வார். கீபோர்ட் செட்டிங்கில் அதை அணைத்துவிட்டுச் சோதியுங்கள்.

அதைவிட முக்கியம், இரட்டிப்பை மறைக்கும் மென்பொருள். அன்ஷேக்கி என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ஒரே கீ சில மில்லி விநாடிக்குள் இரண்டாம் முறை வந்தால் அதை விழுங்கிவிடும். சொந்த உபயோகத்துக்கு நல்ல சாமான்தான், வாங்கப் போகிறவருக்கு அது ஒரு திரை. மேல் மெனு பாரிலும், லாகின் ஐட்டம்ஸ் பட்டியலிலும் பாருங்கள். உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் கமாண்ட், ஆர் இரண்டையும் பிடித்தபடி மெஷினை ஆன் செய்து ரெகவரி என்ற பழுது நீக்கும் தனிப் பகுதிக்குள் போய், அங்கே உள்ள டெர்மினலில் டைப் அடித்துப் பாருங்கள். அங்கே எந்த மென்பொருளும் காப்பாற்ற வராது.

அடுத்து பேட்டரி. சிஸ்டம் ரிப்போர்ட்டில் பவர் பகுதிக்குள் சைக்கிள் கவுன்ட் இருக்கும், பேட்டரி எத்தனை முறை முழுதாகச் செலவாகியிருக்கிறது என்ற கணக்கு அது. இவற்றுக்கு ஆப்பிள் சொல்லும் அளவு 1000. 2017 மெஷினில் வெறும் 120 காட்டினால் மகிழ்ச்சியடையும் முன் யோசியுங்கள், டாப் கேஸ் மாற்றப்பட்டிருக்கலாம். அதற்கான சர்வீஸ் ரிப்போர்ட் இருந்தால் கேட்டு வாங்குங்கள். டச் ஐடி உள்ள மாடலில் விரல் ரேகையைப் பதிவு செய்து பார்ப்பதும் அவசியம். அந்த பட்டன் அதன் மதர்போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது. வேறு மெஷினிலிருந்து பிடுங்கிப் போட்ட டாப் கேஸ் என்றால் பவர் ஆன் ஆகும், ரேகை மட்டும் ஏறாது.

2016 13 அங்குல ப்ரோவில் திரைக்கும் ஒரு கண்டம் உண்டு. திரைக்கு விளக்கொளி தரும் மெல்லிய நாடாக் கேபிள், மூடியைத் திறக்கும்போதெல்லாம் கீல் அருகே உரசித் தேயும். மூடியை முழுக்க மூடி, மெதுவாக, கடைசி வரை திறந்து பாருங்கள். அடியில் மேடை விளக்கு வரிசை போல வெளிச்சத் திட்டுகள் தெரிந்தாலோ, ஒரு கோணத்துக்கு மேல் திரை இருண்டாலோ, அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள். கேபிள் திரையோடு சேர்ந்தது என்பதால் மாற்றினால் முழுத் திரையும் மாற்ற வேண்டும். 2018இல் அந்தக் கேபிளை 2 மில்லிமீட்டர் நீளமாக்கினார்கள்.

வெளிக்கடையில் மலிவாகக் கீபோர்ட் மட்டும் மாற்றித் தருவார்கள். ரிவெட்டுகளைப் பிய்த்துவிட்டு அந்தத் துளைகளில் பொடித் திருகாணி முடுக்குவார்கள். பொறுமையான கை என்றால் நன்றாகவே வரும். பாதித் திருகாணியோடு விட்டால் கீபோர்டின் நடுப்பகுதி அமுங்கும், ஓரத்தில் பின்விளக்கு கசியும். வேலை முடிந்து வாங்கும்போது நடு வரிசையை விரலால் அழுத்திப் பார்த்து, இருட்டில் விளக்கையும் பாருங்கள். பில்லில் ‘கீபோர்ட் ரீப்ளேஸ்மென்ட்’ என்பதோடு எத்தனை நாள் வாரண்டி என்பதையும் எழுதச் சொல்லுங்கள். ஆப்பிள் சர்வீஸில் மாற்றினால் அந்தப் பாகத்துக்கு 90 நாள், அல்லது மீதமுள்ள வாரண்டி, எது அதிகமோ அது.

எந்தக் கம்பெனி லேப்டாப்பாக இருந்தாலும் வந்து வந்து போகும் பழுதுக்கு, சர்வீஸ் சென்டரில் மெஷினைக் கொடுக்கும்போது எழுதும் ஜாப் ஷீட்டின் வாசகம்தான் உங்கள் பிடி. ‘கீபோர்ட் ப்ராப்ளம்’ என்று எழுதினால், துடைத்துவிட்டு ‘நோ ஃபால்ட் ஃபவுண்ட்’ என்று திருப்பித் தருவார்கள். எந்தக் கீ, எத்தனை அழுத்தலுக்கு எத்தனை எழுத்து, மெஷின் எவ்வளவு நேரம் ஓடிய பிறகு, இது எத்தனையாவது முறை, முந்தைய ஜாப் ஷீட் எண் என்ன, இவ்வளவும் ஷீட்டிலேயே ஏற வேண்டும். விரலும் திரையும் ஒரே ஃபிரேமில் தெரியும்படி அரை நிமிட வீடியோ எடுத்து வையுங்கள். அட்மின் பாஸ்வேர்ட் கொடுக்க வேண்டாம், சோதனைக்கென்று தனி யூசர் கணக்கு போதும். டச் பார் (கீபோர்டின் மேலே உள்ள தொடுதிரைப் பட்டை) உள்ள மாடல்களிலும், இந்த வரிசை ஏரிலும், 12 அங்குலத்திலும் டேட்டா இருக்கும் எஸ்.எஸ்.டி. மதர்போர்டிலேயே பற்ற வைக்கப்பட்டது. டாப் கேஸ் மாற்றினால் டேட்டா போகாது. ஆனால் பிரித்த இடத்தில் போர்டுக்கு ஏதாவது ஆகிவிட்டால் திரும்பவே வராது, ஆகவே பேக்கப் எடுக்காமல் கவுன்டரில் வைக்காதீர்கள். புது லேப்டாப்பில் வாரண்டிக்குள் இதே சுற்று நீண்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு கெடு. ஜாப் ஷீட்டுகள்தான் அங்கே சாட்சி.

எதை வாங்கலாம்? 2016, 2017 ப்ரோக்களும் 12 அங்குலமும் எந்த விலைக்கும் வேண்டாம். கீபோர்ட் ஒருபக்கம், மேக் ஓஎஸ்ஸும் 2016க்கு மான்டெரே பதிப்போடும் 2017க்கு வென்சுரா பதிப்போடும் நின்றுவிட்டது. 2018, 2019 ஏர் சொனோமா வரை. 2019 ப்ரோ, அல்லது நான்காம் தலைமுறைக் கீபோர்ட் போட்ட ரிப்போர்ட்டோடு வரும் 2018 ப்ரோ, இவை மட்டும் பரிசீலிக்கலாம். அதுவும் பெரும்பாலும் வெளி மானிட்டர், வெளி கீபோர்டோடு மேசையில் வைத்து வேலை செய்பவர் என்றால். நாள் முழுக்க டைப் அடிப்பவர் இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து 2020இல் வந்த எம்1 சிப் ஏர் தேடட்டும். சிஸர் கீபோர்ட், விசிறியே இல்லை, சூடும் குறைவு.

ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு: சுத்தம் செய்ய ஆப்பிள் சொல்லும் முறை எளிது. மெஷினை ஆஃப் செய்து, திறந்தபடி, கிட்டத்தட்ட நிமிர்ந்து நிற்கும்படி 75 டிகிரியில் பிடித்து, காற்றுக் கேனால் இடமிருந்து வலமாக வரிசை வரிசையாக ஊதுங்கள். பிறகு வலப்பக்கமாகத் திருப்பி ஒருமுறை, இடப்பக்கமாகத் திருப்பி ஒருமுறை. கேனைச் சாய்த்தால் திரவம் தெறிக்கும், அது எப்போதும் நேராகவே இருக்கட்டும். சார்ஜரைச் செருகினாலோ மூடியைத் திறந்தாலோ இவற்றில் பல மாடல்கள் தானே ஆன் ஆகும் என்பதால், திறந்த பிறகு ஆஃப் செய்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத் தொடங்குங்கள். கீ மூடியை நெம்பிக் கழற்றும் ஆசை வேண்டாம், அடியில் உள்ள கொக்கிகள் மயிரிழை தடிமன்தான். ஸ்பேஸ்பாரை முறிக்காமல் கழற்றுவது பட்டறைக்காரர்களுக்கே கஷ்டம். மிக்சர் தட்டு அந்தப் பக்கமே போகாமல் இருக்கட்டும்.