ஆரஞ்சு மூடி ஊசி

போன மே மாதம் மூன்று வாரம் ஊரில் இருந்தேன். காவேரிப்பட்டணத்திலிருந்து உள்ளே போகும் ஒரு கிராமம். சிங்கப்பூரில் 16 வருடமாக வேலை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் ஊருக்கு வர முடிகிறது. அம்மாவுக்கும் சுகர், எனக்கும் சுகர். அதனால் இந்த முறை கோயில், கல்யாணம் என்று போனதைவிட ஆரம்ப சுகாதார நிலையம், மருந்துக்கடை, லேப் என்று அலைந்ததே அதிகம். விடுமுறைக்கு வருகிறவர்களுக்கும், அங்கிருந்தபடி பெற்றோரின் சுகரைப் போனில் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கும் உதவட்டும் என்று எழுதுகிறேன். முக்கியமாக ஊசி விஷயம்.

அம்மாவுக்கு 68 வயது. இன்சுலின் காலையில் 20 யூனிட், ராத்திரி 10 யூனிட். மருந்து சுகாதார நிலையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஊசியைக் கடையில் வாங்கி, ஒன்றையே ஒரு வாரம் வைத்துக்கொள்வார். "முனை மழுங்கினாத்தாம்பா மாத்துவேன்" என்று போனில் சொன்னதிலிருந்தே எனக்கு மனசு கேட்கவில்லை. வரும்போது அங்கே ஒரு கடையில் நல்ல மெல்லிய ஊசியாக இரண்டு பெட்டி வாங்கி வந்தேன். வந்த மறுநாளிலிருந்து நானே போட்டுவிட்டேன். அம்மாவுக்குக் கண் மங்கல், கோடு சரியாகத் தெரியாது. "வலியே இல்லையே கண்ணு" என்றார். எனக்கு அவ்வளவு நிறைவாக இருந்தது.

மூன்றாம் நாள் ராத்திரி நாலு தடவை எழுந்தார். நாக்கு வறள்கிறது என்று சொம்புத் தண்ணீரைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டார். காலையில் வெறும் வயிற்றில் என் மீட்டரில் பார்த்தேன், 15.6. "பதினஞ்சா? எனக்கு எப்பவும் நூத்தம்பது இருக்குமே, நல்லாக் கொறஞ்சிடுச்சே" என்று அம்மா சந்தோஷப்பட்டார். சிங்கப்பூர் மீட்டர் வேறு அளவில் காட்டும். அதை 18ஆல் பெருக்கினால்தான் ஊர்க்கணக்கு. பெருக்கிப் பார்த்தேன், 281.

உடனே எனக்கு மாம்பழத்தின் மேல்தான் சந்தேகம் போனது. சீசன் அது. வீட்டில் கூடை கூடையாக செந்தூரா, பெங்களூரா. "எத்தனை தின்னே, உண்மையைச் சொல்லு" என்று அதட்டிவிட்டேன். இரண்டு கீற்று என்றார். நான் நம்பவில்லை. கூடைகளைத் தூக்கிச் சித்தப்பா வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். அம்மா அன்றைக்கு முழுக்க என்னிடம் சரியாகப் பேசவில்லை. அந்த ஒரு நாளை இப்போது நினைத்தாலும் தொண்டை அடைக்கிறது.

ஐந்தாம் நாள், வீடு தேடி வந்து பிரஷர், சுகர் பார்க்கும் 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற அரசுத் திட்டத்தில் வேலை செய்யும் தங்கை ஒருவர் வந்தார். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி இந்தத் திட்டத்தைத் தொடங்கியதே எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். தோளில் பை, பையில் பிரஷர் மெஷின், மாத்திரை அட்டைகள், ஒரு நோட்டு. பக்கத்து ஊர்ப் பெண், மகளிர் குழுவில் இருப்பவர். அம்மாவுக்குப் பிரஷர் பார்த்து எழுதிக்கொண்டே ஜன்னல் திட்டைப் பார்த்தார். "பெரியம்மா, உங்க ஊசிக்குச் சிவப்பு மூடிதானே இருக்கும்? இது என்னா ஆரஞ்சு?" நான் வாங்கி வந்தது என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன். அவர் ஊசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எனக்குச் சரியாச் சொல்லத் தெரியலைண்ணா. ஆனா இது வேற மாதிரி இருக்கு. மருந்து பாட்டிலையும் இந்த ஊசியையும் எடுத்துக்கிட்டு இப்பவே சிஸ்டர்கிட்டக் காட்டுங்க."

சுகாதார நிலையத்தில் கூட்டம். ஆனால் ஊசியைப் பார்த்ததும் சிஸ்டர் எங்களை உள்ளே கூப்பிட்டுவிட்டார். மேஜை டிராயரிலிருந்து ஒரு சிவப்பு மூடி ஊசியை எடுத்தார். ஒரு டம்ளர் தண்ணீரில் இரண்டு ஊசியையும் விட்டு, இரண்டிலும் 20 என்ற கோடு வரை இழுத்துப் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துக் காட்டினார். சிவப்பு மூடியில் பாதி ஊசி தண்ணீர். ஆரஞ்சு மூடியில் அடியில் கொஞ்சம்தான். "ரெண்டுலயும் இருபதுதான் சார். பாருங்க."

விஷயம் இதுதான். ஊரில் பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட். சிவப்பு மூடி ஊசியின் கோடுகள் அந்தக் கணக்குக்குப் போட்டவை. நான் வாங்கி வந்தது ஒரு மில்லிக்கு 100 யூனிட் மருந்துக்கான ஊசி. அதில் 20 கோடு என்பது 0.2 மில்லி. அந்த 0.2 மில்லியில் அம்மாவின் மருந்து இருப்பது வெறும் 8 யூனிட். இருபது என்று நினைத்து எட்டுதான் போட்டிருக்கிறேன், ராத்திரிக்குப் பத்து என்று நாலு. மாம்பழம் ஒன்றும் செய்யவில்லை. இதுவே தலைகீழாக, 100 மருந்தை 40 ஊசியில் ஏற்றியிருந்தால் இரண்டரை மடங்கு உள்ளே போயிருக்கும், தூக்கத்திலேயே சுகர் இறங்கி ஆளே போயிருக்கலாம் என்றார் சிஸ்டர். கோபமாகச் சொல்லவில்லை, மெதுவாகத்தான் சொன்னார். எனக்குக் கை வியர்த்துவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டு, விட்டுப்போனதைச் சேர்த்துப் போடக் கூடாது, இன்று ராத்திரியிலிருந்து சிவப்பு மூடி ஊசியில் வழக்கமான அளவு என்றார். நாலு நாளில் 160க்கு வந்தது.

வெளிநாட்டிலிருந்து ஊசி வாங்கி வராதீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பாட்டிலில் 40 என்று இருக்கிறதா, 100 என்று இருக்கிறதா என்று படித்து, ஊசியிலும் அதே எண் இருக்கிறதா என்று பாருங்கள். பேனாவில் போடுகிற மருந்து பெரும்பாலும் 100 கணக்கு, அதிலிருந்து சாதாரண ஊசியால் உறிஞ்சி எடுக்கவே கூடாது. போட்டு முடித்த ஊசிகளைக் குப்பைமேட்டில் வீசாமல், கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துக் கொண்டுவந்து தரச் சொன்னார்கள். அதையும் எழுதிவிடுகிறேன்.

அப்புறம் என் கதை. அம்மாவின் நோட்டை எழுதி முடித்ததும் சிஸ்டர் கேட்டார், "உங்களுக்கும் சுகர்னீங்களே, காலைக் காட்டுங்க."

நான் காலை யாருக்கும் காட்டியதில்லை. சிங்கப்பூரில் நான் போகும் பாலிகிளினிக்கில் வருடா வருடம் பாதப் பரிசோதனைக்குத் தேதி கொடுப்பார்கள். இரண்டு வருடமாக, வேலை இருக்கிறது, லீவு இல்லை என்று தள்ளிப்போட்டேன். உண்மை அது இல்லை. 2009இல் அப்பா காலில் வேலிகாத்தான் முள் ஏறியது. ஏறியதே அவருக்குத் தெரியவில்லை. நாலைந்து நாள் கழித்து வாடை வந்துதான் அம்மா கண்டுபிடித்தார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் மூன்று வருடம் இருந்தார். ராத்திரியில் அந்த இல்லாத காலின் பெருவிரல் அரிக்கிறது, கொஞ்சம் சொறிந்துவிடு என்பார். எனக்குச் சுகர் என்று சொன்ன நாளிலிருந்து அந்தக் குரல் காதிலேயே இருக்கிறது. பார்த்தால்தானே ஏதாவது இருப்பது தெரியும், பார்க்காமலே இருந்துவிடுவோம் என்று இருந்தேன்.

இங்கே அப்பாயின்ட்மெண்ட் எல்லாம் இல்லை. காலை நீட்டு என்றால் நீட்ட வேண்டியதுதான். தூண்டில் நரம்பு மாதிரி ஒரு நைலான் இழை. கண்ணை மூடச் சொல்லி, பாதத்தில் அங்கங்கே அது வளையும் வரை அழுத்துகிறார். பட்டால் 'ம்' சொல்ல வேண்டும். வலது காலில் எல்லா இடத்திலும் சொன்னேன். இடது காலில் சொல்லிக்கொண்டே வந்து, கொஞ்ச நேரம் ஒன்றும் படவில்லையே என்று கண்ணைத் திறந்தேன். பெருவிரலுக்கு அடியில் இழை வளைந்து நிற்கிறது. சிஸ்டர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். இன்னும் ஒரு இடத்திலும் அப்படித்தான்.

"பயப்படாதீங்க. ரெண்டு இடம்தான். இப்பவே தெரிஞ்சது நல்லதுதானே" என்றார். வெறுங்காலோடு வீட்டு வாசல்கூட இறங்கக் கூடாது, செருப்பு, ஷூ போடும் முன் உள்ளே கையை விட்டுத் தடவிப் பார்க்க வேண்டும், விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது, சுடுதண்ணீரில் காலை வைக்கும் முன் முழங்கையால் சூடு பார்க்க வேண்டும், தினமும் ராத்திரி உள்ளங்காலைப் பார்க்க வேண்டும். 'பாதம் பாதுகாப்போம்' என்று அரசே ஒரு திட்டம் நடத்துகிறது. அது அப்பா காலத்தில் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. தீர்த்தமலைக்கு ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. விடியற்காலையில் பருத்திக் காலுறையோடு ஏறி, கல் சுடும் முன்னே இறங்கிவிட்டேன். கோயிலில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

தனியார் லேப் அனுபவம் நன்றாக இல்லை. பெயரைச் சொல்ல விரும்பவில்லை. சுகரின் மூன்று மாதச் சராசரி (HbA1c) மட்டும் போதும் என்றேன், முழு உடல் பேக்கேஜ் எடுக்க வைத்தார்கள். ரிப்போர்ட்டில் பெயர் என்னுடையது. வயது 64, பெண் என்று இருந்தது. 7.1. டைப்பிங் தவறு என்று திருத்தித் தரப் பார்த்தார்கள். வயது தவறு என்றால் ரத்தமும் வேறொருவருடையதாக இருக்கலாமே என்று நின்றேன். முக்கால் மணி நேரம் வாதாடிய பிறகு திரும்ப எடுத்தார்கள். 8.4 வந்தது. நான் 7.1ஐ நம்பி நிம்மதியாக விமானம் ஏறியிருப்பேன். ரிப்போர்ட் வாங்கினால் எண்ணுக்கு முன் வயதைப் பாருங்கள்.

மருந்துக்கடையில் சிக்கல் இல்லை. அங்கே வாங்கும் பிராண்ட் இங்கே இருக்காது, மருந்தின் பெயரை (எனக்கு மெட்பார்மின், கிளிப்பிசைடு) எழுதிக் காட்டினால் போதும். 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்தில் விலையும் குறைவு. கிருஷ்ணகிரியில் விழித்திரையும் பார்த்துக்கொண்டேன். சொட்டு மருந்து விட்டால் மூன்று நாலு மணி நேரம் வெளிச்சம் கூசும், வண்டி ஓட்ட முடியாது, கூட ஒருவர் வேண்டும்.

சாப்பாட்டில் ஒன்று மட்டும். பாலக்கோட்டில் அக்கா வீடு. தருமபுரி மாவட்டத்தில் 2023 முதல் ரேஷனில் 2 கிலோ அரிசிக்குப் பதிலாக 2 கிலோ கேழ்வரகு தருகிறார்கள். அக்கா அதில் களி கிண்டி, கீரைக் கடைசலோடு வைத்தார். "களிதானே, எவ்வளவு வேணா தின்னு, சுகர் ஏறாது" என்றார். ஊரில் எல்லாரும் இப்படித்தான் நம்புகிறார்கள். முதல் நாள் ஒரு உருண்டை. இரண்டு மணி நேரம் கழித்து என் மீட்டரில் 9.4, ஊர்க்கணக்கில் 169. மறுநாள் ஆசையில் இரண்டு உருண்டை. 13.2, அதாவது 238. கேழ்வரகிலும் இருப்பது மாவுச்சத்துதான், அளவு தாண்டினால் அரிசி மாதிரிதான் ஏறும். அக்காவுக்கு மீட்டரையே காட்டினேன். அடுத்த நாளிலிருந்து மாமாவுக்கும் ஒரு உருண்டைதான், கீரை இரண்டு கரண்டி. டீக்கடைகளில் கவலையே இல்லை. "ஒரு வித்தவுட்" என்றால் போதும், தருமபுரி பஸ் ஸ்டாண்டில் பக்கத்தில் நின்ற நாலு பேரில் மூன்று பேர் அதைத்தான் கேட்டார்கள். ஆறுதலாக இருக்கிறதா, பயமாக இருக்கிறதா என்று எனக்கே தெரியவில்லை.

கிளம்புவதற்கு முதல் நாள் சித்தப்பா வீட்டுக்குப் போய் ஒரு கூடையைத் திரும்ப எடுத்து வந்தேன். ஒரு செந்தூராவை நறுக்கி, அம்மாவுக்கு இரண்டு கீற்று, எனக்கு இரண்டு கீற்று. "அன்னிக்கும் ரெண்டுதான் தின்னேன்" என்றார் அம்மா. "தெரியும்மா" என்றேன்.

காவேரிப்பட்டணம் ஃபேன்சி ஸ்டோரில் கைப்பிடி வைத்த கண்ணாடி இரண்டு வாங்கியிருந்தேன். சாப்பிட்டு முடித்ததும் திண்ணை லைட்டைப் போட்டு, அம்மாவின் காலை மடியில் வைத்துக்கொண்டு, பாதத்துக்கு அடியில் கண்ணாடியைப் பிடித்தேன். இடது குதிகாலில் ஒரு வெடிப்பு. புண் இல்லை. வாசலின் தடவிவிட்டேன். அம்மா கண்ணாடியை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். "எங்க, உன் காலைக் காட்டு."