தனித் துளையா, ஸ்பார்க் பிளக்கா? சிலிண்டர் அழுத்தம் அளக்க எது தோது

எஞ்சினில் எரிப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், கிராங்க் (பிஸ்டன் சுழற்றும் தண்டு) ஒவ்வொரு டிகிரி திரும்பும்போதும் சிலிண்டருக்குள் எவ்வளவு அழுத்தம் என்று தெரிய வேண்டும். அளப்பது பெரும்பாலும் பீசோ படிகச் சென்சார்தான்; அழுத்தினால் மின்னேற்றம் தரும் படிகம் அது. அதை எங்கே உட்கார வைப்பது என்பதில்தான் தகராறு.

சிலிண்டர் ஹெட்டில் தனித் துளை போட்டு, சென்சாரின் முகம் எரியறைச் சுவரோடு சமமாக நிற்கும்படி வைப்பது ஒரு வழி. நாலு வால்வு ஹெட்டில் இடம் தேடுவதே பாதி வேலை. ஹெட்டைக் குளிர்விக்கத் தண்ணீர் ஓடும் ஜாக்கெட்டைத் துளை கடந்தால், தண்ணீர் புகாமல் ஸ்லீவும் (குழாய் உறை) போட வேண்டும். சென்சார் பொதிந்த ஸ்பார்க் பிளக்கில் இந்தத் தொல்லையே இல்லை. பழைய பிளக்கைக் கழற்றி இதை மாட்டினால் மதியத்துக்குள் அளவு கையில். டீசல் என்றால் க்ளோ பிளக் (எரியறையைச் சூடேற்றும் பிளக்) துளையில் அடாப்டர் போட்டு இதே சுகத்தை அனுபவிக்கலாம்.

சுகத்துக்கு விலை உண்டு. பிளக்குக்குள் நுழையும் சென்சார் குட்டியானது. சுடர் பட்டதும் அதன் மெல்லிய முகத்தகடு விரிந்து, படிகத்தின் மேல் முன்கூட்டியே இறுக்கி வைத்த அழுத்தம் தளர்கிறது. அதனால் பிஸ்டன் இறங்கும்போது அழுத்தம் உள்ளதைவிடக் குறைவாகப் பதிவாகும்; வேலைக் கணக்கும் கூடவே குறையும். குவார்ட்ஸைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு மின்னேற்றம் தரும் காலியம் ஆர்த்தோபாஸ்பேட் படிகம் குட்டிச் சென்சாருக்குக் கைகொடுக்கிறது என்றாலும், இந்த வெப்ப அதிர்ச்சியை அது ஒழித்துவிடாது. தண்ணீரால் குளிர்விக்கும் பெரிய சென்சார் இதில் நிதானமானது. ஆனால் அதை வைக்கப் பெரிய துளை வேண்டும்.

நாக்கிங், அதாவது சுடர் வந்து சேரும் முன்பே கலவை தானாக வெடித்துத் தட்டுவதைப் பார்ப்பவர்கள் பலர் பிளக் சென்சாரே போதும் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. 85 மிமீ உள்விட்டம் உள்ள சிலிண்டரில் நாக்கிங்கின் முதல் அதிர்வு 6.5 கிலோஹெர்ட்ஸ் அளவில் வரும். அந்த அலை விளிம்பில்தான் ஓங்கி அடிக்கும், நட்டநடுவில் அடங்கிவிடும். பிளக் இருப்பதோ நடுவில்! விளிம்பை ஒட்டிய தனித் துளைதான் இங்கே சரி. அங்கேயும் சென்சாரைச் சுவரிலிருந்து பின்னால் தள்ளி வைத்து 30 மிமீ சந்து விட்டால், சந்து புல்லாங்குழல் மாதிரி 7, 8 கிலோஹெர்ட்ஸில் தானே ஊதும். அப்புறம் எது நாக்கிங், எது குழல் என்று பிரிக்கவே முடியாது.

எந்தச் சென்சார் வாங்கினாலும், பிஸ்டன் உச்சியில் நிற்கும் கோணத்தை 1 டிகிரி தவறாக வைத்தால் சராசரி அழுத்தக் கணக்கு (ஒரு சுழற்சியின் வேலையை அழுத்தமாகச் சொல்லும் எண்) 10 சதவீதத்தை ஒட்டிப் பிசகலாம். எரிப்பு இல்லாமல் சுற்றும்போது அழுத்தம் உச்சம் தொடும் இடமும் அந்தக் கோணம் இல்லை. வெப்ப இழப்பால் சற்று முன்பே வந்துவிடும். காசு குறைவாக இருந்தால் பிளக் சென்சாரை வாங்கிவிட்டு, மிச்சத்தை பிஸ்டனின் உச்சிப் புள்ளி காட்டும் கெப்பாசிட்டிவ் சென்சாரில் (மின்தேக்குத் திறன் மாறுவதை வைத்து அளப்பது) போடுவேன்.